உங்கள் பேப்பரை யார், எதற்காக சைட் செய்தார்கள்? காவிரி டெல்டாவின் பயிர், உணவு ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: மொத்த சைட்டேஷன் (உங்கள் பேப்பர்களை மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (அந்த எண்ணிக்கைகளிலிருந்து போடும் ஒரு கணக்கு, மூன்றாம் படியில் வரும்). ஆடுதுறையிலோ தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சிதம்பரத்திலோ பயிர், உணவு ஆராய்ச்சியில் இருப்பவர்களில் பலர் கூகுள் ஸ்காலரைத் திறந்து, வலது ஓரத்தில் தெரியும் எண்ணை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த எண் பல நேரம் தவறாக இருக்கும். சரியாகவே இருந்தாலும், அதை மட்டும் வைத்து அந்த ஆராய்ச்சி யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்று சொல்ல முடியாது.

இந்த மாதிரி ஃபைல்களை நூலகப் பக்கத்திலிருந்து பார்க்கும் வேலை எனக்கு. கீழே சொல்லும் முறையை ஒருவருக்கு முழுதாகச் செய்து முடிக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதில் பாதிக்கு மேல், உங்களை சைட் செய்த பேப்பர்களைத் திறந்து படிப்பதற்கே போகும். போகட்டும், இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எதற்காக அளக்கிறோம்?

முதலில் இதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். பதவி உயர்வுக்கு என்றால், கமிட்டி எந்தத் தரவுத்தளத்தை ஏற்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஎச்.டி.க்கு கைடு தேடும் மாணவர் என்றால், மொத்த எண்ணிக்கையைவிடக் கடைசி ஐந்து வருடம் முக்கியம்; அந்த ஐந்து வருடத்தில் மாணவர்கள் முதல் ஆசிரியர்களாக வந்திருக்கிறார்களா என்பது இன்னும் முக்கியம். புராஜெக்ட் கேட்டு எழுதுகிறீர்கள் என்றால், அந்தத் தலைப்பில் வந்த நாலைந்து பேப்பர் போதும், மொத்தத்தைத் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை.

முதல் படி: பெயரைச் சரிசெய்வது

தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் ஆராய்ச்சியாளருக்கு சைட்டேஷன் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தரவுத்தளங்களோ குடும்பப் பெயர் இருந்தே தீரும் என்று நம்பிக் கட்டப்பட்டவை.

எஸ். முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியன். ஒரு ஜர்னலில் எஸ். முருகன் என்று எழுதுகிறார். வெளிநாட்டு ஜர்னலின் படிவம் முழுப்பெயர் கேட்கிறது. முருகன் சுப்பிரமணியன் என்று கொடுக்கிறார். தரவுத்தளம் சுப்பிரமணியனைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பேப்பரை சுப்பிரமணியன் எம். என்ற கணக்கில் சேர்த்துவிடும். மகன் உழைத்த சைட்டேஷன் அப்பா பெயரில் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம், எஸ். முருகன் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பேப்பர் எழுதுகிறார்கள்! மதுரையில் இருக்கும் ஓர் இயற்பியல்காரரின் பேப்பர்கள் நம்மவர் கணக்கில் வந்து சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்ட பெண் ஆராய்ச்சியாளர்களின் கணக்கு நடுவில் வெட்டியது போல இரண்டாகக் கிடக்கும். அவர்களின் எச்-இண்டெக்ஸ் குறைவாகத் தெரிவதற்கு இது ஒன்றே காரணமாக இருந்த ஃபைல்கள் உண்டு.

நிறுவனப் பெயரும் இதே பாடுதான். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூரில் நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, தஞ்சாவூருக்கு வந்தது, இந்தியப் பயிர் பதனத் தொழில்நுட்பக் கழகமானது, பிறகு இந்திய உணவுப் பதனத் தொழில்நுட்பக் கழகமானது, 2021-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு நிஃப்டெம் தஞ்சாவூர். அங்கேயே நாற்காலி மாறாமல் வேலை பார்த்த ஒருவரின் பேப்பர்களில் மூன்று நான்கு நிறுவனப் பெயர்கள் இருக்கும். ஆடுதுறைக்காரர்கள் சிலர் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் என்று எழுதுவார்கள், சிலர் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போடுவார்கள். நிறுவனத்தை வைத்துத் தேடினால் பாதி விழாது.

என்ன செய்வது? ஆர்கிட் (ORCID) என்ற ஆராய்ச்சியாளர் அடையாள எண் ஒன்று வாங்குங்கள். 2012-லிருந்து இருக்கிறது, இலவசம், பதினாறு இலக்கம், வாழ்நாள் முழுக்க ஒன்றேதான். உங்கள் பெயர் எந்தெந்த வடிவத்தில் எல்லாம் அச்சாகியிருக்கிறதோ அத்தனையையும் அதில் சேருங்கள். ஸ்கோப்பஸ் என்ற சைட்டேஷன் தரவுத்தளத்தில் உங்கள் பெயரைத் தேடி, எத்தனை துண்டாக இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சந்தா இல்லாவிட்டாலும் ஆசிரியர் பக்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். துண்டுகளை ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பமும் கொடுக்கலாம். உடனே நடக்காது, சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். ஆகவே, படிவத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இதைத் தொடங்க வேண்டாம்.

கூகுள் ஸ்காலரில் பிரச்சினை நேர் எதிர். புதிய பேப்பர்களைத் தானாகவே சேர்த்துக்கொள் என்ற அமைப்பு போட்டிருந்தால், அடுத்தவர் பேப்பர் எல்லாம் உங்கள் கணக்கில் வந்து குவியும். அதை மாற்றி, என்னிடம் கேட்டுவிட்டுச் சேர் என்று வையுங்கள். பிறகு பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து, உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். ஒரே பேப்பர் இரண்டு தலைப்பில் இருந்தால் இணையுங்கள். அடுத்தவர் சைட்டேஷனை வைத்துக்கொண்டு கமிட்டி முன் உட்கார்ந்து, அவர்கள் கேட்ட பிறகு விழிப்பதைவிட இந்த ஒரு மணி நேர வேலை எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: எந்தப் பேரேட்டில் பார்ப்பது?

ஒரே பேப்பருக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வரும். மூன்றும் சரிதான், ஒவ்வொன்றும் எண்ணும் பரப்பு வேறு.

வெப் ஆஃப் சயின்ஸின் வேர் 1964-ல் யூஜின் கார்ஃபீல்ட் தொடங்கிய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ். தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் எண்ணும், அதனால் எண் சின்னதாக வரும். எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோப்பஸ் 2004-ல் வந்தது, கொஞ்சம் அகலம். அதே வருடம் வந்த கூகுள் ஸ்காலர் கையில் கிடைத்ததை எல்லாம் எண்ணும்: ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, இணையத்தில் கிடக்கும் பிடிஎஃப், சில நேரம் பாடத்திட்டக் குறிப்பு வரை. 2022 முதல் ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளமும் இருக்கிறது. தரவை அப்படியே இறக்கிக் கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

வேளாண்மைக்காரர்களுக்கு கூகுள் ஸ்காலரை ஒதுக்க முடியாது. நம் நாட்டு வேளாண் ஜர்னல்களில் பல, பெரிய தரவுத்தளங்கள் இரண்டிலும் இல்லை. டெல்டா நெல் பற்றிய ஒரு பேப்பரை அதிகம் படிப்பவர் கோவையிலும் கட்டக்கிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் இன்னொரு நெல்காரர். அவர் எழுதுவது பெரும்பாலும் அந்த மாதிரி ஜர்னலில்தான். வேளாண் ஆய்வேடுகள் கிருஷிகோஷிலும், மற்றப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்காவிலும் சேர்கின்றன. ஒரு பிஎச்.டி. மாணவர் உங்கள் முறையைத் தன் ஆய்வேட்டில் பயன்படுத்தினால் அதுவும் தாக்கம்தானே? ஸ்கோப்பஸ் பொதுவாக அதைப் பார்ப்பதில்லை.

என் வழக்கம்: ஸ்கோப்பஸ் எண், ஸ்காலர் எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பார்த்த தேதியையும் போடுவது. தேதி இல்லாத சைட்டேஷன் எண் செல்லாது. இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரியதாக இருந்தால் காரணம் தேட வேண்டும். கள ஆராய்ச்சிக்காரருக்கு அது இயல்பு. உணவு வேதியியல்காரருக்கு ஸ்காலரில் மட்டும் எண் ஊதிக் கிடந்தால், எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

கணினியில் வசதியாகச் செய்ய, ஆன்-வில் ஹார்சிங் 2006-ல் வெளியிட்ட பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்காலர் தரவை அட்டவணையாக இறக்கித் தரும். தேடும்போது நெல் ரகங்களின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனையையும் போட்டுப் பாருங்கள். கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மூன்றுக்கும் ஆளாளுக்கு ஓர் எழுத்து.

மூன்றாம் படி: கையால் ஒரு கணக்கு

எச்-இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். குறைந்தது ஐந்து சைட்டேஷனாவது வாங்கிய பேப்பர்கள் ஐந்து இருந்து, ஆறுக்கு ஆறு தேறாவிட்டால் எச்-இண்டெக்ஸ் 5. இந்த வரையறையை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கற்பனை உணவு விஞ்ஞானிக்கு 12 பேப்பர்கள். சைட்டேஷன்கள் இறங்கு வரிசையில்:

212, 64, 41, 30, 22, 15, 11, 9, 8, 6, 3, 0

வரிசை எண்ணையும் சைட்டேஷனையும் ஒப்பிட்டுக்கொண்டே இறங்குங்கள். எட்டாவது பேப்பருக்கு 9. எட்டுக்குக் குறையவில்லை, சரி. ஒன்பதாவதுக்கு 8, ஒன்பதுக்குக் குறைவு, நிறுத்துங்கள். எச்-இண்டெக்ஸ் 8. ஸ்காலர் காட்டும் ஐ-10 என்பது பத்தோ அதற்கு மேலோ வாங்கிய பேப்பர்களின் எண்ணிக்கை: 7. மொத்தம் 421.

இப்போது சராசரி எடுத்தால் பேப்பருக்கு 35. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடு மதிப்பு 13தான். அந்த 212 என்ன என்று திறந்து பார்த்தால், பாரம்பரிய அரிசிகளின் ஆண்டிஆக்சிடண்ட் பற்றிய தொகுப்புக் கட்டுரையாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் சராசரி 19-க்கு இறங்கிவிடும். தொகுப்புக் கட்டுரை எழுதுவது குற்றமில்லை, நல்ல தொகுப்பு எழுத உழைப்பு வேண்டும். ஆனால் சொந்த ஆய்வின் தாக்கத்தையும் அதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

அடுத்து சுய சைட்டேஷன். ஏழாவது பேப்பரின் 11-ல் 4, எட்டாவதின் 9-ல் 3, அவரோ அவருடைய கூட்டு ஆசிரியர்களோ போட்டது என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் அவை 7, 6 ஆகும். வரிசையை மறுபடி அடுக்கினால் ஏழாமிடத்தில் 8, எட்டாமிடத்தில் 7. எச்-இண்டெக்ஸ் 7 ஆகிவிட்டது. எல்லைக்கோட்டில் இருக்கும் இரண்டு பேப்பர் போதும், எண்ணை ஏற்றவும் இறக்கவும். எச்-இண்டெக்ஸ் 8 ஆளுக்கும் 9 ஆளுக்கும் வித்தியாசம் பார்க்கும் கமிட்டிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சுய சைட்டேஷன் என்றாலே மோசடி என்றும் நினைக்க வேண்டாம். நெல் இனப்பெருக்கத்தில் ஒரு கலப்பின் கதை பத்து வருடம் ஓடும். முந்தைய பேப்பரைச் சொல்லாமல் அடுத்ததை எழுத முடியாது. ஸ்கோப்பஸில் சுய சைட்டேஷனை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு. நீக்கியது, நீக்காதது இரண்டையும் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜி-இண்டெக்ஸ் என்று 2006-ல் லியோ எக்ஹ முன்வைத்தது ஒன்று இருக்கிறது. அதிகம் சைட் ஆன பேப்பருக்குக் கூடுதல் எடை தரும். நம் படிவங்கள் கேட்பதில்லை, விட்டுவிடலாம்.

நான்காம் படி: யாரோடு ஒப்பிடுவது?

ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இருவரை ஒப்பிடுவதுதான் வழக்கம். அதுதான் பெரிய அநியாயம். கருப்பு கவுனியின் நிறமிகளை ஆராய்பவருக்கு உலகம் முழுக்க வாசகர்கள். சீனாவிலும் இத்தாலியிலும் கறுப்பு அரிசி ஆராய்ச்சி நடக்கிறது. குறுவையில் நேரடி நெல் விதைப்புக்கு எவ்வளவு தழைச்சத்து போடுவது என்று ஆராய்பவருக்கு வாசகர்கள் சில நூறு பேர். முதலாமவர் பத்து மடங்கு சைட்டேஷன் வாங்குவதால் பத்து மடங்கு பெரிய விஞ்ஞானி ஆகிவிட மாட்டார். பயிர், உணவு என இரண்டிலும் கால் வைத்திருப்பவருக்கு அவருடைய ஒரு பாதி பேப்பர்களே மறு பாதியோடு ஒப்பிடத் தகாதவை.

இதற்குத்தான் துறைவாரியாகச் சரிக்கட்டிய அளவுகள் இருக்கின்றன. ஸ்கோப்பஸ் தருவது, அதே வருடம், அதே துறை, அதே வகைப் பேப்பர்கள் சராசரியாக எவ்வளவு வாங்கினவோ அதால் உங்கள் சைட்டேஷனை வகுத்த எண். 1 என்றால் உலக சராசரி, 1.5 என்றால் ஒன்றரை மடங்கு. சந்தா இல்லாதவர்கள் இதைக் கையாலும் செய்யலாம். உங்கள் பேப்பர் வந்த ஜர்னலின் அதே வருட இதழ்களைத் திறந்து, உங்களுடையதைப் போன்ற கட்டுரைகளில் இருபதை எடுங்கள். ஸ்காலரில் ஒவ்வொன்றின் சைட்டேஷனையும் குறித்து வரிசைப்படுத்துங்கள். உங்கள் பேப்பர் எத்தனையாவது இடம்? இருபதில் மூன்றாவது என்று ஒரு வரி எழுதினால், சைட்டேஷன் 18 என்பது குறைவா அதிகமா என்ற விவாதமே எழாது. இந்த முழு வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

காலமும் ஒரு துறை வேறுபாடுதான். இம்பாக்ட் ஃபேக்டரின் கணக்கு இரண்டு வருடம்: ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த சைட்டேஷனை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. ஆய்வகத்தில் செல் வளர்ப்பவருக்கு இரண்டு வருடம் போதும். குறுவைக்காரருக்கு? 2023 தொடக்கத்தில் உங்கள் பேப்பர் வருகிறது. ஒருவர் படித்து, திட்டம் போட்டு, 2024 குறுவையில் சோதனை வைக்கிறார். ஒரு பருவத் தரவை நல்ல ஜர்னல் ஏற்காது. 2025 குறுவையிலும் வைக்க வேண்டும். 2026-ல் எழுதி அனுப்பி அச்சாகும்போது உங்கள் பேப்பருக்கான ஜன்னல் மூடி ஒரு வருடம் ஆகியிருக்கும். இதெல்லாம் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால்! 2024-ல் ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். அணையில் தண்ணீர் இல்லாததற்கும் எச்-இண்டெக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கமிட்டியில் கேட்டால், இதைச் சொல்லலாம். கள ஆராய்ச்சிக்கு ஐந்து வருட அளவுக்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கான அளவு. நம் வேளாண் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் நாஸ் ரேட்டிங்கும் (தேசிய வேளாண் அறிவியல் அகாடமி ஜர்னல்களுக்குத் தரும் மதிப்பெண்) அப்படியே. இம்பாக்ட் ஃபேக்டர் இருக்கும் ஜர்னலுக்கு அதோடு 6 கூட்டிக் கொடுப்பார்கள். நல்ல ஜர்னலில் யாரும் சைட் செய்யாத பேப்பரும் உண்டு, சின்ன ஜர்னலில் எல்லோரும் தேடிப் பிடித்துப் படித்த பேப்பரும் உண்டு. ஜர்னலின் மதிப்பை ஆளின் மதிப்பாகக் காட்டாதீர்கள் என்பதுதான் 2012-ல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தின் மையக் கருத்து.

ஐந்தாம் படி: சைட் செய்தவர்களைப் படிப்பது

இங்கே நிதானமாக உட்காருங்கள். உங்களுடைய முக்கியமான மூன்று பேப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சைட் செய்தவற்றில் இருபதைத் திறந்து, உங்கள் பெயர் அல்லது எண் வரும் இடத்தைத் தேடி, அந்த வாக்கியத்தையும் அதற்கு முன்பின் வாக்கியத்தையும் படியுங்கள்.

புழுங்கல் அரிசி பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேப்பரின் முன்னுரையில், "நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குவதால், தீட்டியபின்னும் இழப்பு குறைகிறது" என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் எட்டுப் பெயர். அதில் ஆறாவது நீங்கள். இது கூட்டத்தோடு கூட்டமாக வந்தது. அவர் உங்கள் பேப்பரைத் திறந்தாரா என்பதே சந்தேகம். இன்னொரு பேப்பரில், "ஊறவைக்கும் வெப்பநிலைக்கு இவர்கள் வகுத்த முறையையே பின்பற்றினோம்" என்று செய்முறைப் பகுதியில் வருகிறது. அங்கே உங்கள் வேலையின் மேல் நின்று ஒருவர் அடுத்த வேலையைச் செய்திருக்கிறார். மூன்றாவதில் முடிவுரைப் பகுதி: "இவர்கள் கண்ட உடைசல் சதவீதம் எங்கள் மாதிரியில் வரவில்லை, ரகம் வேறு என்பது காரணமாக இருக்கலாம்." மறுப்புதான், ஆனால் என்னைக் கேட்டால் முதல் வகையில் பத்து வாங்குவதைவிட இந்த ஒன்று மதிப்பு மிக்கது. ஒருவர் உங்கள் அட்டவணையைத் தன் அட்டவணையோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்திருக்கிறார்.

இப்படிப் படித்ததை ஐந்து கட்டமாகப் பிரித்து எண்ணுங்கள்: பெயருக்குச் சொன்னது, முறையை எடுத்தது, முடிவை ஒப்பிட்டது, மேலே கட்டியது, மறுத்தது. தவறாகச் சொன்னதற்கும் ஓர் ஓரம் ஒதுக்குங்கள். ஏடிடி 43 நெல் ரகம் பற்றி எழுதியதை ஏடிடி 45 என்று சைட் செய்வதெல்லாம் நடக்கும். செமாண்டிக் ஸ்காலர், ஸைட் போன்ற தளங்கள் இந்தப் பிரிவினையைத் தானே செய்து காட்டுகின்றன. தொடக்கத்துக்கு உதவும், ஆனால் நம் நாட்டு ஜர்னல்கள் பலவற்றின் முழு உரை அவற்றுக்குக் கிடைப்பதில்லை. கடைசியில் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

முறைக்காக வரும் சைட்டேஷன் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. புரத அளவைக் கண்டுபிடிக்கும் லௌரி முறையின் 1951 பேப்பர் மூன்று லட்சத்துக்கும் மேல் சைட் ஆகியிருக்கிறது; உலகத்திலேயே அதிகம் சைட் ஆன பேப்பர் அதுதான். டெல்டாவில் எந்தக் கல்லூரியில் பாரம்பரிய அரிசியை ஆராய்ந்தாலும் ஆண்டிஆக்சிடண்டுக்கு டிபிபிஎச் சோதனை செய்வார்கள், பிராண்ட்-வில்லியம்ஸ் குழுவின் 1995 பேப்பரை சைட் செய்வார்கள். எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? முந்தைய மாணவரின் ஆய்வேட்டிலிருந்து அந்த வரி அப்படியே இறங்கி வரும். அதற்காக முறையை உருவாக்கியவரின் பெருமை குறையாது. ஆனால் ஒரு முறைப் பேப்பரின் எண்ணையும், வயலில் கண்ட ஒரு முடிவின் எண்ணையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆறாம் படி: உள்ளே பதர் இருக்கிறதா?

ஸ்காலரின் ஆண்டுவாரிப் பட்டைகளைப் பாருங்கள். மெல்ல ஏறி, சில வருடம் நின்று, மெல்ல இறங்குவது இயல்பு. ஒரே வருடத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறியிருந்தால், அந்த வருடத்து சைட்டேஷன்களைத் திறக்க வேண்டும். எல்லாம் ஒரே ஜர்னலிலிருந்தோ, ஒருவரை ஒருவர் மாறி மாறி சைட் செய்யும் நாலைந்து பேரிடமிருந்தோ வந்தால் விஷயம் புரிந்துவிடும். நெல் பேப்பருக்கு சிமெண்ட் கலவை பற்றிய கட்டுரையில் சைட்டேஷன் வந்தால் அதுவும் புரிந்துவிடும்.

பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் அச்சிடும் ஜர்னல்கள் தங்களுக்கென ஏதோ ஓர் இம்பாக்ட் ஃபேக்டர் எண்ணைப் பக்கத்தின் தலையில் பெரிதாகப் போட்டிருக்கும். உண்மையான எண் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இருப்பது மட்டும்தான். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஜர்னல்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியலைப் பார்த்து முடிவெடுத்த காலம் போய்விட்டது. 2025-ல் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டு, பொறுப்பை அந்தந்தக் கல்வி நிறுவனத்திடம் விட்டுவிட்டது. ஆகவே இந்தச் சரிபார்ப்பை இனி நாமேதான் செய்ய வேண்டும்.

வருடா வருடம் வரும் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜான் அயோனிடிஸ் குழு 2019-லிருந்து வெளியிடுவது. ஆறு அளவுகளைச் சேர்த்த ஒரு கூட்டு மதிப்பெண். ஆசிரியர் வரிசையில் எங்கே இருக்கிறார் என்பதையும் பார்க்கிறது. மோசமான வேலை இல்லை. ஆனால் அதில் வாழ்நாள் பட்டியல், ஒரு வருடப் பட்டியல் என இரண்டு உண்டு. நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனரில் எது என்று யாரும் போடுவதில்லை.

ஆசிரியர் வரிசை என்றதும், அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்களின் பேப்பர்களில் பதினைந்து பேர் இருப்பார்கள். சைட்டேஷன் 90 என்றால் பதினைந்து பேருக்கும் 90, 90 என்று கணக்கு ஏறும். உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்: விதைப்பெருக்கம், களத் தரவு, புள்ளியியல், எழுத்து. துறைத்தலைவர் என்பதால் பெயர் வந்தவருக்கு அந்த வரியை எழுதத்தான் கஷ்டமாக இருக்கும்.

ஏழாம் படி: சைட்டேஷனில் விழாதது

டெல்டாவில் இதை விட்டுவிட்டால் கணக்கே பாதிதான். ஆடுதுறை நிலையம் 1922-ல் தொடங்கியது. 1960-களில் அங்கிருந்து வந்த ஏடிடி 27 தஞ்சை மாவட்டத்தின் குறுவையையே மாற்றியது. அதை விதைத்த மிராசுதாரும் குத்தகைதாரரும் எந்த ஜர்னலிலும் சைட் செய்யவில்லை.

சம்பாவில் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் நிற்பது நாகை, திருவாரூர் பக்கத்தில் வழக்கம். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல்லில் இருந்த வெள்ளம் தாங்கும் மரபணு, சப்1ஏ, என்ன என்று 2006-ல் நேச்சர் இதழில் பேப்பர் வந்தது. பமீலா ரொனால்ட், டேவிட் மெக்கில் ஆகியோர் இருந்த குழு. ஆயிரக்கணக்கில் சைட்டேஷன். அந்த மரபணு இருக்கும் பகுதியைத் திரும்பத் திரும்பக் கலந்து நமக்குப் பழக்கமான சிஆர் 1009 நெல் ரகத்துக்குள் கொண்டுவந்ததுதான் சிஆர் 1009 சப்1. இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் மீண்டு வரும். ஒரு ரகத்துக்குள் மரபணுவைக் கொண்டுவந்தவரும், அதை வயலில் நிரூபித்தவரும் எழுதும் பேப்பருக்கு சில பத்து சைட்டேஷன் வந்தாலே பெரிது. நேச்சர் பேப்பர் இல்லாமல் இந்த ரகம் இல்லை. இந்த ரகம் இல்லாவிட்டால் நாகை விவசாயிக்கு அந்தப் பேப்பரால் என்ன லாபம்?

அதனால் சைட்டேஷன் தாளோடு இன்னொரு தாள் வையுங்கள். ரகம் என்றால் வெளியீட்டு ஆணையின் எண்ணும் வருடமும், ஆண்டுவாரி வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கிய நிலையம் தரும் மூல விதை) கோரிக்கை எத்தனை குவிண்டால் என்பதும். உணவுத் தொழில்நுட்பம் என்றால் உரிமம் பெற்ற நிறுவனங்கள், இன்னும் அதைப் பயன்படுத்துகிறார்களா என்ற தகவல், காப்புரிமை எண். உங்கள் பரிந்துரை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டில் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகல்; அது எனக்கு நூறு சைட்டேஷனுக்குச் சமம். விவசாயிகளுக்காகத் தமிழில் எழுதிய கட்டுரைகளையும் சேருங்கள். எந்தத் தரவுத்தளமும் அவற்றை எண்ணப் போவதில்லை, நீங்கள்தான் எண்ண வேண்டும்.

கடைசியாக: எழுதி வைப்பது

இத்தனையும் செய்த பிறகு, ஒரு பத்தி போதும். நம் கற்பனை விஞ்ஞானிக்கு அது இப்படி இருக்கும்:

"12 பேப்பர்கள், மொத்தம் 421 சைட்டேஷன், கூகுள் ஸ்காலரில் இந்தத் தேதியில் பார்த்தது. இதில் 212 ஒரு தொகுப்புக் கட்டுரைக்கு உரியது. எச்-இண்டெக்ஸ் 8, சுய சைட்டேஷன் நீக்கினால் 7. புழுங்கல் முறை பற்றிய பேப்பர், அதே ஜர்னலில் அதே வருடம் வந்த ஒப்பிடத்தக்க இருபது கட்டுரைகளில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அதை சைட் செய்தவற்றில் இருபதைப் படித்ததில், ஐந்து முறையைப் பயன்படுத்தின, நான்கு முடிவை ஒப்பிட்டன, ஒன்று மறுத்தது, மீதி பெயருக்குச் சொன்னவை. இந்த முறைக்கு இரண்டு அரிசி ஆலைகள் உரிமம் பெற்றுள்ளன."

பெயருக்குச் சொன்னவை பாதி என்று எழுதக் கூச்சப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். எழுதாமல் விட்டால்தான் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும்.

சில கமிட்டிகள் ஸ்கோப்பஸ் எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டோம் என்பார்கள். சரி, கட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கள், தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள், மேலே உள்ள பத்தியைப் பின்னிணைப்பாக வையுங்கள். படித்த இருபது பேப்பர்களின் பட்டியலை எக்செல்லில் சேமித்து வைத்துக்கொண்டால், அடுத்த வருடம் புதிதாக வந்தவற்றை மட்டும் பார்த்தால் போதும், அரை நாளில் முடிந்துவிடும்.